இறக்கச் சொன்னவர்

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, மிசாவோ அடைக்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த ஆள் வந்தான். அடைக்கடைக்கு வருகிறவர்கள் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து முதலில் உட்காருவார்கள், பிறகுதான் பேச்சு. இவன் வாசலிலேயே நின்றான். நாற்பதைத் தாண்டிய முகம், ரத்தம் இல்லாத வெளுப்பு. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "முன்னாடி அக்கா" என்றான்.

மிசாவோவின் கையில் இருந்த தட்டைக் கரண்டி கல்லின் மேலேயே நின்றுவிட்டது. அவளை அப்படிக் கூப்பிடக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. செத்திருப்பான் என்று நினைத்து, இருபத்து மூன்று வருஷமாக அப்படியே விட்டிருந்தாள்.

"யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

கடையில் உசுகி மட்டும் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வாயை மூடினால் சோறு செரிக்காத ஜாதி. "என்னக்கா, இதுவும் மாப்பிள்ளை வீட்டு விசாரணையா? போன வாரம் வந்தவன் என்கிட்டே அரை மணி நேரம் கேள்வி கேட்டான். நீங்க பல்லு விளக்குவீங்களான்னு மட்டும்தான் கேக்கல" என்றான்.

மிசாவோவின் மகள் யோஷிமிக்குக் கயிற்றுக்கடை வீட்டுப் பையன் மிட்சுஹிரோவோடு சம்பந்தம் பேசியிருந்தார்கள். அக்டோபரில் நல்ல நாளும் குறித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டைப் பற்றி ஆள் வைத்து விசாரிப்பது வழக்கம். விசாரிப்பவர்கள் முக்கியமாகத் தேடுவது ஒன்றைத்தான்: அணுகுண்டின் பளீர் அடித்த அன்று பெண்ணின் தாயோ தகப்பனோ ஹிரோஷிமாவில் இருந்தார்களா. இருந்தார்கள் என்றால் ரத்தம் கெட்டது, பிள்ளை கோணலாகப் பிறக்கும் என்று பேச்சு. படித்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள், சொல்லும்போது குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஓனோமிச்சி ஊரில் மிசாவோவைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்: வடக்கே மலைப்பக்கத்துக்காரி, சண்டை முடியும்வரை மாமா வீட்டில் இருந்தாள், வகிசகாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள், அவன் கப்பல் பட்டறையில் சாரம் சரிந்து செத்த பிறகு அடைக்கடை போட்டாள். இதில் இரண்டாவது பொய். சொல்லிச் சொல்லி அது நன்றாக உட்கார்ந்துவிட்டது. மாமா வீட்டுக் கிணற்றடியைப் பற்றி விசாரணைக்காரன் கேட்டபோதுகூட அவள் தடுமாறவில்லை.

வந்தவன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு உசுகியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று மிசாவோவுக்குத் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க. ஒருத்தங்களைத் தேடிட்டு இருக்கேன், அவங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லி உட்கார்ந்தான். "ஒரு அடை போடுங்க."

கோசை அள்ளி மாவின் மேல் குவித்தாள். அவன் உசுகியிடம் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். பெயர் இக்கேமோட்டோ. ஹிரோஷிமாவில் பொதுக் குளியல் கூடம் ஒன்றில் கொதிகலனுக்கு விறகு போடுகிற வேலை. இரண்டு வருஷமாக விறகு தூக்க முடியவில்லை, பல் விளக்கினால் ரத்தம் நிற்பதில்லை. குண்டில் தப்பியவர்களுக்கு அரசாங்கம் ஒரு புத்தகம் கொடுக்கிறது, அது இருந்தால் வைத்தியம் இலவசம். ஆனால் அன்றைக்கு ஊரில் இருந்ததாகச் சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அவனுக்கு ஒருவர்தான் கிடைத்தார்.

"முந்தின நாள்தான் சிநேகிதன் ரூமுக்கு வந்திருந்தேன். எந்தப் பதிவிலயும் என் பேர் இல்ல. சிநேகிதனும் இல்ல, ரூமும் இல்ல. நாலு நாள் ஒரு அக்காவோட சேர்ந்து ஆளுங்களைத் தூக்கினேன். அவங்கதான் சொல்லணும். உயரமான பொம்பளைன்னு யாரு சொன்னாலும் போய்ப் பார்த்துட்டு இருக்கேன்."

"உங்களுக்கெல்லாம் யோகம்தான் போங்க" என்றான் உசுகி. "ஓசி வைத்தியம். நாங்க கிரேன்ல தொங்கறோம், ஒரு தலைவலி மாத்திரை தரமாட்டேங்கிறான்."

"வேணும்னா மாத்திக்கலாம்" என்றான் இக்கேமோட்டோ. கோபமில்லாமல்தான் சொன்னான். உசுகி குனிந்து தன் அடையைத் தின்றான்.

இக்கேமோட்டோ பாதிகூடச் சாப்பிடவில்லை. எழுந்து, "நான் தேடறவங்க இன்னும் கொஞ்சம் உயரம்" என்று மிசாவோவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

"இவங்களைவிட உயரமா? அப்ப அது கொடிக்கம்பம்தான்" என்றான் உசுகி. துறைமுகத்திலேயே உயரமான பொம்பளை மிசாவோதான். இக்கேமோட்டோ தனக்காகச் சொன்ன பொய் எவ்வளவு மட்டமானது என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் காலையில் கோசு அரியும்போது யோஷிமி கேட்டாள். "நேத்து வந்தவருக்கு ஏம்மா இல்லேன்னு சொன்னே?"

"யாருக்கு?"

"உள்ளதான் முட்டை அடுக்கிட்டு இருந்தேன். எல்லாம் காதுல விழுந்தது."

"ஆள் மாறி வந்துட்டாரு. அதுக்கு நான் என்ன பண்ண?"

யோஷிமி கத்தியைக் கீழே வைத்தாள். தாயின் உயரம் அவளுக்கு வரவில்லை, தகப்பனின் பிடிவாதம் வந்திருந்தது. "அம்மா, ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் ஆறாந்தேதி காலைல எட்டேகாலுக்கு நீ கோசு வாங்கப் போறேன்னு கிளம்பிடறே. அன்னைக்கு மார்க்கெட் லீவு விட்டாலும் போறே. உன் தோள்ல கண்ணாடி குத்தின தழும்பு ஒன்பது இருக்கு. நான் எண்ணியிருக்கேன். மலைப்பக்கத்துல அவ்வளவு கண்ணாடியா இருந்தது?"

மிசாவோ இன்னொரு கோசை எடுத்துப் பாதியாக வெட்டினாள்.

"மிட்சுஹிரோகிட்ட மூணாவது தடவை வெளில போனப்பவே சொல்லிட்டேன். அவர் அவங்க அம்மாகிட்ட சொன்னாரு. அந்தம்மா ரெண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருந்தாங்க. அப்புறம், அவங்க தம்பியே அங்கதான் செத்தாரு, நாம என்ன பேசறதுன்னு விட்டுட்டாங்க. விசாரணைக்காரனை அனுப்பினது மிட்சுஹிரோவோட பெரியப்பா. அவருக்கு மட்டும்தான் இன்னும் நீ மலைக்காரி."

எந்தத் தாயும் இதைக் கேட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பாள். மிசாவோவுக்கு ஆத்திரம் வந்தது. நேற்று அவனை விரட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. மகளுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அந்தக் காரணத்தை இவள் கோசோடு சேர்த்து அரிந்து போட்டுவிட்டாள். இனி சாட்சி சொல்லப் போகாவிட்டால் அது மகளுக்காக அல்ல. வேறு எதற்கு என்று மிசாவோவுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது.

பளீர் அடித்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, ராணுவ உடுப்புக் கூடத்தில் தையல் வேலை. செங்கல் சுவர் தடிமனானது. கண்ணாடி மட்டும் தோளில் இறங்கியது. மத்தியானம் ஆற்றங்கரையில் மருத்துவச் சிப்பாய் ஒருவன், இரண்டு கை உள்ளவர்கள் யாராவது வாருங்கள் என்று கத்திக்கொண்டிருந்தான். போனாள். மழைக்கு அடைக்கும் பலகைக் கதவு ஒன்றின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தான். மறுமுனையில் புருவம் கருகிய ஒரு மாணவன். உயரமானவள் என்பதால் அவள் முன்னால், அவன் பின்னால். காயம் பட்டவர்களை ஆற்றங்கரையிலிருந்து மலையடிவாரப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போக வேண்டும்.

"பேரைக் கேளுங்க. சொன்னா தூக்குங்க. சொல்லலேன்னா அடுத்த ஆளு" என்றான் சிப்பாய்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பெயர் சொல்லும் அளவுக்குத் தெம்பு இருப்பவர்கள் பிழைக்கலாம். செத்தாலும் தேடி வருகிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு பெயர் இருக்கும். அந்த ஊர் ஜனங்களுக்கு விதி என்றால் விதி. ஊரே எரிந்துகொண்டிருந்தபோதும் ஆற்றங்கரையில் வரிசை கலையவில்லை. கதவில் ஏறுகிறவர்கள், உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன் என்று தூக்குகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பெயர் கேட்பதும் சொல்வதும் கதவில் படுப்பவர்களுக்கான காரியம் ஆகிவிட்டதால், தூக்குகிற இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. முன்னாடி அக்கா, பின்னாடி தம்பி. நாலு நாளும் அதுவே போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள், ஏழாம் தேதி, ஒரு பெண்ணைத் தூக்கினார்கள். குனிஷிகே சயோ, வயது முப்பத்தொன்று என்று தெளிவாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குப் பாதி தூரத்தில் தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அங்கே கை மாற்றிக்கொள்ள நின்றார்கள். தொட்டி ஓரத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து, இரண்டாம் வகுப்பு மூன்றாம் அணி என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொன்னாள்.

கதவில் ஒருவருக்குத்தான் இடம். பின்னாடி தம்பி குனிந்து சயோவிடம் மறுபடியும் பெயர் கேட்டான். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டான். பதில் இல்லை.

"இறக்கு."

சயோவைத் தொட்டியின் நிழலில் சரித்து இறக்கினார்கள். சிறுமியைக் கதவில் ஏற்றினார்கள். தூக்கி இரண்டடி வைத்ததும் கீழேயிருந்து குரல் வந்தது. "போயிட்டு வாங்க" என்றாள் சயோ. வேலைக்குப் போகிற புருஷனிடம் வாசலில் நின்று சொல்கிற அதே குரல்.

அவளால் பேச முடிந்தது. பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் கதவைக் கீழே வைத்திருக்க வேண்டும். இருவரும் வைக்கவில்லை, நடந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது தொட்டியடியில் அவள் இல்லை. சிறுமி மறுநாள் காலையில் செத்துப்போனாள். அதன் பிறகும் இரண்டு நாள் தூக்கினார்கள். சயோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் மாமா தேடி வந்து மிசாவோவைக் கூட்டிக்கொண்டு போனார்.

'இறக்கு' என்று சொன்னது மிசாவோ. பல வருஷமாக, அடையைத் திருப்பும்போதும், கடைக் கதவைச் சாத்தும்போதும், அந்த ஒரு சொல் தன் வாயிலிருந்து வருவதை அவள் கேட்டிருக்கிறாள்.

சாட்சி சொல்லப் போனால் அதிகாரி என்ன கேட்பான் என்று தெரியாது. இதைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் சொல்லலாம். ஆனால் கடையில் நின்ற அந்த வெளுத்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவன் சொல்லியிருந்த குளியல் கூடத்தின் பெயருக்கு ஒரு அஞ்சலட்டை எழுதினாள். "செவ்வாய்க்கிழமை வருகிறேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிக்கவும். முன்னாடி." அனுப்புநர் இடத்தில் வகிசகா மிசாவோ என்று முழுப் பெயரையும் எழுதியபோது, இவ்வளவு வருஷத்தில் அவனுக்குத் தன் பெயரைச் சொல்வது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

ஹிரோஷிமாவில் அந்தப் புத்தகம் கொடுக்கிற அலுவலகத்தில் நிஷிதானி என்ற குமாஸ்தா இருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையான பையன், ஒரு நாளைக்குப் பத்துப் பேரின் நரகத்தைக் காது கொடுத்துக் கேட்டு நல்ல கையெழுத்தில் எழுதுகிற வேலை.

"ரெண்டு பேரையும் தனித்தனியாத்தான் கேப்பேன். சந்தேகப்பட்டு இல்லம்மா, அது முறை" என்றான். இக்கேமோட்டோவை முதலில் கூட்டிப் போனான். முக்கால் மணி நேரம் கழித்து மிசாவோவின் முறை.

தேதி, இடம், கதவு, சிப்பாய், எல்லாம் சொன்னாள். நிஷிதானி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினான். பிறகு, "தூக்கினதுல யாராவது ஒருத்தரைப் பத்தி விவரமா சொல்லுங்க. பேரு, எங்க தூக்கினீங்க, எங்க விட்டீங்க. அவர் சொன்னதோட ஒத்துப் போச்சுன்னா வேலை முடிஞ்சுது" என்றான்.

மிசாவோ யோசித்தாள். நாலு நாளில் ஐம்பது பேருக்கு மேல் தூக்கியிருப்பார்கள். ஒரு கை, ஒரு பாதி முகம், ஏதோ ஒரு தெருப் பெயர். பெயரும் வயதும் இடமும் முழுசாக ஞாபகம் இருப்பது ஒரே ஒருத்தி. அவளைச் சொன்னால் சாட்சி நிற்கும், சொல்லாவிட்டால் இக்கேமோட்டோவுக்குப் புத்தகம் இல்லை. அதற்காகத்தானே ரயிலேறி வந்தாள்.

சொன்னாள். "நான்தான் இறக்குன்னு சொன்னேன்" என்பதையும் சேர்த்து, குரல் மாறாமல் சொல்லி முடித்தாள். குரல் மாறாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிஷிதானி எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தான். தாளை எடுத்துக்கொண்டு எழுந்தான். "கொஞ்சம் வெளிய வர்றீங்களா" என்று கூப்பிட்டு, நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இக்கேமோட்டோ பக்கத்தில் அவளை உட்கார வைத்து, இருவருக்கும் முன்னால் நின்றான்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சொல்லியிருக்கீங்க. குனிஷிகே சயோ, முப்பத்தொண்ணு. தொட்டி, அந்தப் பொண்ணு, 'போயிட்டு வாங்க'ன்னது, எல்லாம் ஒத்துப் போகுது. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது." தாளைப் பார்த்தான். "இறக்கச் சொன்னது யாரு?"

"நான்" என்றாள் மிசாவோ.

"நான்" என்றான் இக்கேமோட்டோ.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உனக்கென்ன பைத்தியமா, தம்பி? என் வாயால நான் சொன்னது எனக்குத் தெரியாதா?"

"நீங்க முன்னாடி நின்னீங்க. உங்க முதுகுதான் அந்தம்மா பக்கம். பேர் கேட்டவன் நான். பதில் வரலேன்னு தெரிஞ்சவன் நான். நீங்க எப்படி இறக்குன்னு சொல்ல முடியும்?"

"எனக்குக் காது இல்லையா? ரெண்டு தடவை கேட்டே, ரெண்டு தடவையும் பதில் இல்ல. சொன்னேன்."

"நீங்க சொல்லல."

"சொன்னேன்டா."

நடையில் காத்திருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த மாதிரிச் சண்டையில் ஆளுக்கு ஆள் நீதான் என்பார்கள். இங்கே நான்தான், நான்தான் என்று இரண்டு நடுவயசுக்காரர்கள் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிஷிதானி பொறுமையாக நின்றான். "ஒருத்தர் சொல்லை இன்னொருத்தர் வெட்டினா மேலே அனுப்ப முடியாதும்மா. போன மாசம் ஒருத்தர், பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு சாட்சியோட ஒத்துப் போகல. திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி எழுதறதுக்குள்ள ஆள் போயிட்டாரு."

"இந்தப் பொண்ணு விஷயத்தையே விட்டுட்டு எழுத முடியாதா?" என்று கேட்டாள் மிசாவோ.

"விட்டா மீதி என்ன இருக்கு? ரெண்டு பேரும் பேரோட ஒரே மாதிரி சொன்னது இதை மட்டும்தான்."

இக்கேமோட்டோ குனிந்து மெதுவாகச் சொன்னான். "எழுதிக் குடுங்கக்கா. என்னால விறகு தூக்க முடியல."

அதற்குமேல் அவள் என்ன பேச முடியும். உள்ளே போனாள். நிஷிதானி புதுத் தாளில் எழுதி வாசித்துக் காட்டினான்: கதவை இறக்கு என்று சொன்னவர் இக்கேமோட்டோ. மிசாவோ கையெழுத்துக்குப் பதிலாக வைக்கிற தன் பெயர் முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் ஒற்றி, தன் பெயருக்குக் கீழே வைத்தாள். மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற ரயிலில் அவளுக்குப் பாரம் குறைந்த மாதிரி இல்லை. திருட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தச் சொல் அவளுடையது. பெருமைப்பட ஒன்றும் இல்லாததுதான், ஆனால் அவளுடையது. அதை எடுத்து நோயாளி ஒருவனின் தலையில் வைத்து, அரசாங்கத் தாளில் முத்திரையும் குத்தியாகிவிட்டது. செய்த காரியத்தைவிட இது கேவலமாகப் பட்டது.

அக்டோபரில் யோஷிமியின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கயிற்றுக்கடைப் பெரியப்பா மலைநாட்டுத் தண்ணீரின் மகிமையைப் பற்றி மிசாவோவிடம் வெகுநேரம் பேசினார். உசுகி மூன்று கோப்பைக்குப் பிறகு அழுதான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

நவம்பரில் இக்கேமோட்டோ கடைக்கு வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் பேசினான். சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கல்லுக்கு எட்டாத தூரத்தில் வைத்தான். சின்னதுதான், பால் கார்டு மாதிரி. ஊசி போடுகிறார்கள், ரத்தம் ஏற்றுகிறார்கள் என்றான். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

அடையை அவன் முன்னால் தள்ளிவிட்டு மிசாவோ கேட்டாள். "நிஜத்தைச் சொல்லு. நீயா சொன்னே?"

அவன் அடையை நாலாக வெட்டினான், எட்டாக வெட்டினான். "எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"ஞாபகம் இல்லையா?"

"அந்தச் சொல் காதுல விழுந்தது ஞாபகம் இருக்கு. யார் சொன்னதுன்னு இல்ல. ரொம்ப நாள் யோசிச்சுப் பார்த்துட்டேன். இருந்தது நாம ரெண்டு பேர்தான். சில நாள் என் குரல் மாதிரி கேக்கும், சில நாள் உங்க குரல் மாதிரி. அந்த ரூம்ல உக்காந்தப்ப, நீங்க மக கல்யாணத்தை வச்சிட்டு எனக்காக வந்திருக்கீங்களேன்னு, என்னுதுன்னு சொல்லிட்டேன்."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் மிசாவோ. "நான் உனக்குப் பொய் சாட்சி சொல்லியிருக்கேன்."

"ஒரு சொல்தானே."

"அந்த ஒரு சொல்லை வச்சிட்டுத்தான் நான் இத்தனை வருஷம் இருந்தேன். உன்னை யாருடா எடுத்துக்கச் சொன்னது?"

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். உபகாரம் செய்தோம் என்று வந்தவன், இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கல்லையே பார்த்தான். மிசாவோ துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு புத்தகம் எழுதிப் போடணும். நீதான் சாட்சி."

"உடம்புக்கு ஏதாவது..."

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

பிப்ரவரியில் போனார்கள். மிசாவோவின் இன்னொரு சாட்சி உடுப்புக் கூடத்தில் சேர்ந்து தைத்த பழைய தோழி. அவள் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் கணப்பு ஒரே அறையில்தான் எரிந்தது. முறையை மீறி நிஷிதானி இருவரையும் அதே அறையில் உட்கார வைத்தான். "போன தடவை எல்லாம் கேட்டாச்சு. சும்மா சரி பார்த்துக்கலாம்" என்றான்.

தேதி, இடம், கதவு. இக்கேமோட்டோ சொல்லச் சொல்ல நிஷிதானி எழுதினான். தொட்டி வந்தது. சிறுமி வந்தாள்.

"ரெண்டு தடவை பேர் கேட்டேன். பதில் வரல" என்றான் இக்கேமோட்டோ. "இறக்குன்னு அக்கா சொன்னாங்க."

பேனா நின்றது. "ஐயா, போன வருஷம் நீங்க வேற மாதிரி சொன்னீங்க."

"அது என் தாள். இது அவங்க தாள்."

நிஷிதானி சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சுவரோரம் கூரைவரை கோப்பு அடுக்குகள். பெயர் வரிசைப்படி இக்கேமோட்டோவின் கோப்பு முதல் அடுக்கில் இருந்தது; வகிசகாவின் கோப்பு கடைசி அடுக்குக்குப் போகும். இரண்டையும் ஒருசேர எடுத்துப் பார்க்கக்கூடிய ஆள் அந்த அலுவலகத்தில் அவன் ஒருவன்தான். பேனாவை மையில் தொட்டு மேலே எழுதினான். எழுதி முடித்ததும், முறைப்படி வாசித்துக் காட்டினான்.

"'கதவை இறக்கு என்று சொன்னவர் வகிசகா மிசாவோ.' சரியா?"

"சரி" என்று சொல்லி இக்கேமோட்டோ தன் முத்திரையை வைத்தான்.

மிசாவோ அழுதாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததை, இன்னொரு மனுஷன் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. நீ செய்தாய், நான் கூட இருந்தேன் என்று ஒருவன் சொல்லி முத்திரை வைத்திருக்கிறான். இக்கேமோட்டோ கணப்பின் பக்கம் திரும்பி உட்கார்ந்து கையைச் சூடு காட்டிக்கொண்டான்.

நிஷிதானி தாளை அவள் பக்கம் திருப்பி, அவள் முத்திரை வைக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.

"அவசரமில்லம்மா. தாள் நனையாம பார்த்துக்குங்க" என்றான்.